குரூஸ் கன்ட்ரோலும் திராட்டில் பாதுகாப்பும்

குரூஸ் கன்ட்ரோல் என்பது, ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இராமல், அவர் தேர்ந்தெடுத்த வேகத்திலேயே மோட்டார் வாகனத்தை ஓடச் செய்யும் அமைப்பு ஆகும். தமிழில் இதைத் தானியங்கி வேகக் காப்பு எனலாம். நெடுந்தூரப் பயணத்தில் கால் வலியைக் குறைப்பது, வேகம் ஏறி இறங்காமல் காத்து எரிபொருளை மிச்சப்படுத்துவது, வேக வரம்பைத் தாண்டாமல் இருக்க உதவுவது ஆகியவை இதன் பயன்கள்.

இந்த அமைப்பு ஓட்டுநரின் காலுக்குப் பதிலாக எஞ்சினின் திராட்டிலைத் திறந்து மூடுகிறது. எனவே எஞ்சினுக்கு விசையைக் கூட்டும் அதிகாரம் ஒரு கருவியின் கைக்குப் போகிறது. திராட்டிலைத் திறப்பது எளிது. வேண்டாதபோது அது தவறாமல் மூடிக்கொள்ள வேண்டும் என்பதே இத்துறையின் பெரிய பாதுகாப்புச் சிக்கல்.

திராட்டில் என்பது யாது?

பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாயில் வட்டமான ஒரு தகடு இருக்கும். நடுவில் அச்சு பொருத்தப்பட்ட இத்தகடு திரும்பினால் வழி திறக்கும். பழைய நிலைக்கு வந்தால் வழி அடைபடும். இதுவே திராட்டில். காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளும் கூடும். எஞ்சினின் விசையும் கூடும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது உண்மையில் இந்தத் தகட்டையே திருப்புகிறார்.

டீசல் எஞ்சினில் விசையை முதன்மையாகக் கட்டுப்படுத்துவது, உட்செலுத்தப்படும் எரிபொருளின் அளவு. மின்சார வாகனத்தில் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் அதே வேலையைச் செய்கிறது. கருவி வேறுபட்டாலும் கோட்பாடு ஒன்றே: ஓட்டுநர் கேட்காத விசை சக்கரத்துக்குப் போகக் கூடாது.

வரலாறு

எஞ்சினின் வேகத்தை அதுவே காத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மோட்டார் காரைவிடப் பழையது. ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டில் தம் நீராவி எஞ்சினில் மையவிலக்கு ஆளியைப் பொருத்தினார். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் அதன் இரு குண்டுகளும் வெளிப்புறமாக விரிந்து நீராவி வழியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழ்ந்து வழியைத் திறக்கும்.

கார்களுக்கான குரூஸ் கன்ட்ரோலை உருவாக்கியவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் (1890–1982). ஐந்து வயதில் ஏற்பட்ட விபத்தால் பார்வையை இழந்த இவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1912ஆம் ஆண்டு பொறியியல் பட்டம் பெற்றார். தம் வழக்கறிஞர் ஓட்டிய காரில் சென்றபோது, அவர் பேசும்போது வேகம் குறைவதையும் பேச்சை நிறுத்தும்போது கூடுவதையும் டீட்டர் உடலால் உணர்ந்தார் என்றும், அந்தக் குலுக்கலே இக்கண்டுபிடிப்புக்குத் தூண்டுகோல் என்றும் கூறப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் ரப்பரையும் எரிபொருளையும் சேமிக்க மணிக்கு 35 மைல் என்ற வேக வரம்பு இருந்ததும் இம்முயற்சிக்குத் துணையானது.

டீட்டருக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் கருவி வேகத்தைப் பிடித்து வைக்கவில்லை. குறித்த வேகத்தை எட்டியதும் ஆக்சிலேட்டர் மிதி ஓட்டுநரின் காலை எதிர்த்துத் தள்ளும், அவ்வளவே. கால் மிதியின் மேலேயே இருக்கும். எடுத்தால் வேகம் குறையும். காலை எடுத்த பிறகும் வேகத்தைக் காக்கும் வசதி பின்னரே சேர்ந்தது. கிரைஸ்லர் நிறுவனம் தன் 1958ஆம் ஆண்டுக் கார்களில் இதை 'ஆட்டோ பைலட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் சிக்கனம் பேசுபொருளானதால் இது அமெரிக்காவில் வெகுவாகப் பரவியது.

இயங்கும் முறை

குரூஸ் கன்ட்ரோல் ஒரு பின்னூட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு. அது மூன்று செயல்களை இடைவிடாமல் செய்கிறது: இப்போதைய வேகத்தை அளக்கிறது, குறித்த வேகத்துடன் ஒப்பிடுகிறது, வேறுபாட்டுக்கு ஏற்பத் திராட்டிலைத் திருத்துகிறது. இந்த வேறுபாட்டைப் பொறியாளர்கள் பிழை என்பர்.

குறித்த வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று கொள்வோம். சமதரையில் திராட்டில் ஓரளவு திறந்திருந்தாலே இந்த வேகம் நிலைக்கும். மேடு வந்ததும் வேகம் 76 ஆகிறது, பிழை 4. பிழையின் அளவுக்கு விகிதமாக மட்டும் திராட்டிலைத் திறந்தால், வேகம் ஏற ஏறப் பிழை குறையும். கூடுதல் திறப்பும் குறையும். ஆனால் மேடு முடியும்வரை கூடுதல் திறப்பு தேவை. எனவே கார் 80ஐத் தொடாமல் 78 போன்ற ஒரு வேகத்தில் நின்றுவிடும். இந்தக் குறையைப் போக்கவே, பிழை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் கூட்டிக்கொண்டே வந்து திறப்பை அதிகரிக்கும் தொகையீட்டுப் பகுதி சேர்க்கப்படுகிறது.

இந்தக் கூட்டலிலும் ஓர் ஆபத்து உண்டு. மேடு செங்குத்தாகவும் நீளமாகவும் இருந்தால், திராட்டில் முழுவதும் திறந்த பின்னும் வேகம் 80ஐ எட்டாது. கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். உச்சியைத் தாண்டி இறக்கத்தில் கார் 80ஐக் கடந்த பின்னரும், சேர்ந்துவிட்ட கணக்கு கரையும்வரை திராட்டில் திறந்தே இருக்கும். இதைத் தடுக்க, திராட்டில் தன் எல்லையை எட்டியதும் கூட்டலை நிறுத்தும்படி அமைக்கின்றனர். பிரேக்கை மிதித்த கணத்தில் அந்தக் கணக்கு துடைக்கப்படவும் வேண்டும்.

திராட்டிலை மூடும் ஏற்பாடுகள்

பாதுகாப்பான அமைப்புக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. கருவி பழுதானால், பழுதான நிலையிலும் அது பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும். வாகனத்தைப் பொறுத்தவரை அந்தப் பக்கம், திராட்டில் மூடிய நிலை.

இதற்காகத் திராட்டில் அச்சில் சுருள்வில் பொருத்தப்படுகிறது. ஆக்சிலேட்டரோ குரூஸ் கருவியோ வில்லை எதிர்த்துத்தான் திராட்டிலைத் திறக்க முடியும். எதிர்ப்பு நின்றால் வில் அதை மூடிவிடும். ஒரு வில் உடைந்தால்? அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் 124, திராட்டிலை மூடுவதற்குக் குறைந்தது இரண்டு ஆற்றல் மூலங்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டுநர் காலை எடுத்ததும் 4,536 கிலோகிராம் வரை எடையுள்ள வாகனங்களில் 1 நொடிக்குள்ளும், அதைவிடக் கனமானவற்றில் 2 நொடிக்குள்ளும் திராட்டில் மூடிய நிலைக்குத் திரும்ப வேண்டும். கடுங்குளிரில் 3 நொடி வரை அனுமதி உண்டு.

பழைய குரூஸ் கருவிகள் பல, எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கின. வெற்றிடம் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும். சவ்வு கம்பி வழியாகத் திராட்டிலை இழுக்கும். குழாய் கிழிந்தால் வெற்றிடம் போய்விடும். வில் திராட்டிலை மூடிவிடும். பழுதானாலும் பாதுகாப்பான பக்கம் சாய்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிரேக் மிதியில் இரண்டு தனித்தனி வழிகள் வைக்கப்பட்டன. மிதித்ததும் ஒரு மின்விசை குரூஸ் கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்னொரு வால்வு வெளிக்காற்றை உள்ளே விட்டு வெற்றிடத்தைக் கலைக்கும். மின்விசை ஒட்டிக்கொண்டாலும் வால்வு வேலை செய்யும். வால்வு அடைத்துக்கொண்டாலும் மின்விசை வேலை செய்யும். இதோடு, கிளட்சை மிதித்தால் விலகுதல், குறித்த வேகத்தைவிட மிகவும் தாழ்ந்துவிட்டால் விலகுதல், ஏறத்தாழ மணிக்கு 40 கி.மீ.க்குக் கீழே இயங்க மறுத்தல் ஆகிய காப்புகளும் பல வாகனங்களில் உள்ளன.

மின்னணுத் திராட்டில்

இன்றைய கார்களில் ஆக்சிலேட்டருக்கும் திராட்டிலுக்கும் இடையே கம்பி இல்லை. மிதியின் நிலையை உணரிகள் அளந்து கணினிக்குச் சொல்கின்றன. கணினி ஒரு சிறு மின்மோட்டாரை இயக்கித் திராட்டிலைத் திருப்புகிறது. இந்த முறை வந்த பின் குரூஸ் கன்ட்ரோலுக்குத் தனி இழுவைக் கருவி தேவையில்லாமல் போயிற்று. பெரும்பாலும் மென்பொருளும் சில பொத்தான்களுமே போதும்.

கம்பி போனதால் காப்பு குறையாமல் இருக்க, எல்லாமே இரட்டையாக அமைக்கப்படுகின்றன. மிதியில் இரண்டு உணரிகள். திராட்டிலிலும் இரண்டு உணரிகள். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தைக் காட்டாதபடி வேண்டுமென்றே வேறுபடுத்தப்படுகின்றன. பல கார்களில் ஒன்று காட்டும் அளவில் பாதியை மற்றது காட்டும். இரு கம்பிகளும் ஒன்றோடொன்று உராய்ந்து ஒட்டிக்கொண்டால் இரு அளவுகளும் சமமாகிவிடும். கணினி உடனே தவறைக் கண்டுகொள்ளும். ஒரே கேள்வியை இரண்டு மாணவர்களிடம் வெவ்வேறு விதமாகக் கேட்டு, விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதைப் போன்றது இது.

முதன்மைக் கணிப்பியை வேறொரு தனிக் கணிப்பி கண்காணிக்கும். ஓட்டுநர் கேட்ட விசையும் எஞ்சின் தரும் விசையும் பொருந்தவில்லை என்றால் திராட்டில் மோட்டாரின் மின்சாரம் துண்டிக்கப்படும். அப்போது விற்கள் திராட்டிலைச் சற்றே திறந்த ஒரு நிலைக்குக் கொண்டுவரும். எஞ்சின் அணையாமல், கார் மெதுவாக ஊர்ந்து சாலையோரம் செல்ல அது போதும். வாகன மின்னணுவியலுக்கான ஐ.எஸ்.ஓ. 26262 என்ற பன்னாட்டுத் தரம் 2011இல் வெளிவந்தது. ஒரு பழுதால் நேரக்கூடிய தீங்கின் அளவுக்கு ஏற்பக் காப்புகளும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

வரலாறு தந்த மூன்று பாடங்கள்

முதல் பாடம் ஆடி 5000. 1980களில் அமெரிக்காவில் இந்தக் கார் தானாகச் சீறிப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. குரூஸ் கன்ட்ரோல் உட்படப் பல பகுதிகள் ஆராயப்பட்டன. இத்தகைய நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததே என்று 1989இல் அமெரிக்க அரசின் ஆய்வு முடிவு கூறியது. எஞ்சின் திடீரென இரைந்தது ஓட்டுநரைத் திடுக்கிடச் செய்திருக்கலாம் என்றும் அது குறிப்பிட்டது. பிரேக்கை மிதித்தால்தான் தானியங்கிக் கியரை நிறுத்த நிலையிலிருந்து நகர்த்த முடியும் என்ற ஏற்பாடு இதன் பின்னரே பரவியது. இயந்திரத்தில் குறை இல்லாவிட்டாலும், மனிதர் எளிதில் தவறும் இடத்தில் ஒரு தடுப்பை வைப்பது வடிவமைப்பாளரின் கடமை என்பது இதன் பாடம்.

இரண்டாம் பாடம் ஃபோர்டு நிறுவனத்தினுடையது. பிரேக்கை மிதித்ததும் குரூஸ் கன்ட்ரோலை விலக்குவதற்காகவே அக்கார்களில் ஒரு அழுத்த விசை வைக்கப்பட்டிருந்தது. அதனுள் ஒரு பக்கம் பிரேக் எண்ணெய், மறுபக்கம் மின்தொடர்பு, நடுவில் மெல்லிய சவ்வு. நாளடைவில் சவ்வு விரிசல்விட்டு எண்ணெய் கசிந்தது. சாவியை எடுத்த பின்னும் அந்த விசையில் மின்சாரம் இருந்ததால், நிறுத்தி வைத்த கார்களும் தீப்பற்றின. 1999 முதல் 2009 வரை பல கட்டங்களாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்கள் சீரமைப்புக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. காவலுக்கு வைத்த பொருளே கேடு செய்யக்கூடும். ஆதலால் காப்புக் கருவியையும் ஓர் ஆபத்தாகக் கருதிச் சோதிக்க வேண்டும்.

மூன்றாம் பாடம் டொயோட்டா. 2009, 2010 ஆண்டுகளில், தரை விரிப்பில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்வது, மிதி மெதுவாகத் திரும்புவது ஆகிய காரணங்களுக்காக அதன் கார்கள் பெருமளவில் திரும்ப அழைக்கப்பட்டன. மின்னணுத் திராட்டில் மீதும் ஐயம் எழுந்ததால் நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தனர். பெருமளவு திராட்டில் திறப்புக்குக் காரணமாகக்கூடிய மின்னணுக் குறை எதையும் காணவில்லை என்று 2011இல் அறிக்கை தந்தனர். ஆயினும் 2013இல் ஓக்லஹோமா நீதிமன்ற வழக்கொன்றில், மென்பொருளின் தரம் குறித்த வல்லுநர் சாட்சியத்தைக் கேட்ட நடுவர் குழு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் குறைகள் பற்றிப் பொதுமக்களைத் தவறாக நம்பவைத்ததற்காக 2014இல் அந்நிறுவனம் அமெரிக்க நீதித்துறைக்கு 120 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டும் ஒரே நேரத்தில் மிதிபட்டால் பிரேக்கின் சொல்லே நிற்கும்படி செய்யும் மென்பொருள் இதன் பின் பரவலாயிற்று.

இடைவெளி காக்கும் குரூஸ் கன்ட்ரோல்

எளிய குரூஸ் கன்ட்ரோலுக்குக் கண் இல்லை. முன்னே லாரி நின்றாலும் அது குறித்த வேகத்தையே காக்கும். இக்குறையைப் போக்க, முன்செல்லும் வாகனத்தின் தொலைவை அளந்து வேகத்தைக் குறைக்கும் தகவமைப்புக் குரூஸ் கன்ட்ரோல் வந்தது. மிட்சுபிஷி 1995இல் லேசர் முறையில் அளக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. அது திராட்டிலையும் கியரையும் மட்டும் மாற்றியது, பிரேக் போடவில்லை. மெர்சிடிஸ் பென்ஸ் 1999இல் ரேடாரைப் பயன்படுத்தி, பிரேக்கும் போடும் அமைப்பைத் தந்தது.

இதற்கும் வரம்புகள் உண்டு. அசையாமல் நிற்கும் பொருள்களைச் சில அமைப்புகள் சாலையோரக் கம்பம் போலக் கருதி ஒதுக்கிவிடும். வளைவில் பக்கத்துத் தடத்து வண்டியைத் தவறாக எடுத்துக்கொள்ளலாம். சேறோ கனமழையோ உணரியை மறைக்கலாம். எனவே பொறுப்பு ஓட்டுநரிடமே இருக்கிறது.

பயன்படுத்தக் கூடாத இடங்கள்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. கால் தரையில் ஓய்வாக இருந்து பிரேக்குக்குப் போக அரை நொடி கூடுதலாக ஆனாலும், கார் 14 மீட்டர் முன்னே போய்விடும். வேகம் 80இலிருந்து 100 ஆனால் இயக்க ஆற்றல் 56 விழுக்காடு கூடுகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆகவே பின்வரும் இடங்களில் குரூஸ் கன்ட்ரோலைத் தவிர்க்க வேண்டும்.

நெரிசலான சாலை, ஊர்ப்புறச் சாலை: மனிதரும் கால்நடையும் இருசக்கர வண்டிகளும் குறுக்கிடும் இடங்களில் கால் பிரேக்கின் அருகிலேயே இருக்க வேண்டும்.

ஈரச் சாலை: மழையில் குரூஸ் கன்ட்ரோல் போட்டால் கார் பறந்துவிடும் என்ற பேச்சு மிகை. ஆனால் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் உண்டாகிப் பிடிப்பு குறையும்போது, உடனே விசையைக் குறைப்பது ஓட்டுநர் காலின் இயல்பு. எளிய குரூஸ் கருவி அப்போதும் விசையைத் தந்துகொண்டே இருக்கக்கூடும்.

மலைச் சாலை: இறக்கத்தில் எளிய குரூஸ் கருவி திராட்டிலை மூடத்தான் முடியும், பிரேக் போடாது. கார் குறித்த வேகத்தைத் தாண்டும். தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடையைக் கொண்டு இறங்குவதே முறை.

உறக்கம் வரும் வேளை: கால் வேலையின்றி இருப்பது உறக்கத்தைக் கூட்டும். களைப்பானவருக்குத் தேவை ஓய்வு.

'ரெஸ்யூம்' பொத்தானிலும் கவனம் தேவை. நெடுஞ்சாலையில் குறித்த 100 கி.மீ. வேகம், பிரேக்கை மிதித்து விலக்கிய பின்னும் நினைவில் இருக்கும். ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கை தவறி அப்பொத்தானை அழுத்தினால் கார் மீண்டும் 100ஐ நோக்கி விரையும். ஊர் எல்லை வந்ததும் அமைப்பை முழுதாக அணைப்பது நல்லது.

வாகனம் கட்டுக்கடங்காமல் ஓடினால்

1. பிரேக்கை முழு வலுவுடன் மிதித்து, அப்படியே பிடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் காரில் திராட்டில் முழுதாகத் திறந்திருந்தால் எஞ்சினில் வெற்றிடம் உண்டாகாது. பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் சேமிப்பாக உள்ள வெற்றிடம் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லாகிவிடும்.

2. கியரை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். கைக்கியர் வண்டியில் கிளட்சையும் மிதிக்க வேண்டும். எஞ்சின் இரைந்தாலும் சக்கரத்துக்கு விசை போகாது.

3. காரைச் சாலையோரம் நிறுத்திய பின் எஞ்சினை அணைக்க வேண்டும்.

4. நியூட்ரலுக்கு மாற்ற முடியாத நிலையில் மட்டும் ஓடும்போதே எஞ்சினை அணைக்கலாம். பொத்தான் வண்டிகள் பலவற்றில் அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். சாவி வண்டியில் சாவியைப் பூட்டும் நிலைவரை திருப்பக் கூடாது; ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் அணைந்ததும் ஸ்டீயரிங் கனக்கும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

நியூட்ரலுக்கு மாற்றும் முறையையும் பொத்தானின் இயல்பையும் தத்தம் வண்டியின் கையேட்டில் முன்கூட்டியே படித்துவைப்பது நன்று. ஆபத்து வரும் நேரம் படிப்பதற்கான நேரமன்று.

பராமரிப்பு

ஓட்டுநர் பக்கத் தரை விரிப்பு அந்தக் காருக்கு உரியதாகவும், கொக்கியில் மாட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக விரிப்புப் போடக் கூடாது. தண்ணீர்ப் புட்டி போன்ற உருளும் பொருளைக் காலடியில் வைக்கக் கூடாது. திராட்டில் தகட்டைச் சுற்றிக் கரி படிந்தால் அது ஒட்டிக்கொள்ளக்கூடும். சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் இயங்கும் பழைய வண்டிகளிலும் இருசக்கர வண்டிகளிலும் கம்பி பிரிந்து உறையில் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் விளக்கு எரியாவிட்டால் அதைச் சிறு குறை என்று விடக் கூடாது. பல வண்டிகளில் பிரேக் விளக்குக்கான விசையே குரூஸ் கன்ட்ரோலையும் விலக்குகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் ஒரு காலத்தில் விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த குரூஸ் கன்ட்ரோல் இன்று நடுத்தர விலைக் கார்களிலும் கிடைக்கிறது. கம்பியில்லா மின்னணுத் திராட்டில் வந்ததால் இருசக்கர வண்டிகளுக்கும் இது வந்துவிட்டது. ஓசூரைச் சேர்ந்த டி.வி.எஸ். நிறுவனம் 2023இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் வேகம் மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலியும், 120 கி.மீ.யைத் தாண்டினால் இடைவிடாத ஒலியும் எழ வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த ஒலி எச்சரிக்க மட்டுமே செய்யும். வேகத்தைக் குறைக்க வேண்டியவர் ஓட்டுநரே.